திருவிழாத் தெருவில் எழுந்த கேள்வி

துன்பம் வரும்போது அதை எவ்வாறு தாங்குவது என்பது பற்றி நம் சான்றோர்கள் நிறையவே கூறியிருக்கிறார்கள். துன்பத்திற்குப் பிறகு, எதிர்பாராத ஒரு நாளில், மகிழ்ச்சி மீண்டும் நம் வாசலில் வந்து நின்றால் அதை எவ்வாறு ஏற்பது? இதைப் பற்றி நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. ஆனால் வாழ்க்கைத் துணையை இழந்து, குழந்தைகளை வளர்த்து வருகின்ற ஒருவருக்கு இது தப்பிக்க முடியாத கேள்வி. ஒவ்வொரு பண்டிகையின்போதும் அது அவர் முன் வந்து நிற்கிறது. தீபாவளிக்குப் பலகாரம் செய்யலாமா? குழந்தையின் பிறந்தநாளைக் கொண்டாடலாமா? நால்வராகச் சென்ற திருவிழாவிற்கு இப்போது மூவராகச் செல்லலாமா? சென்றால், அங்கே மனம்விட்டுச் சிரிக்கலாமா?

இந்தக் கடைசிக் கேள்வியைச் சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் ஓர் அன்பர் கேட்டார். அதன் பின்னணியைப் புரிந்துகொள்வதற்கு அந்தத் திருவிழாவைப் பற்றி முதலில் சற்று அறிந்துகொள்வோம்.

கடலைக்காய்த் திருவிழா

பெங்களூரின் தென்பகுதியில் உள்ளது பசவனகுடி. 'பசவன்' என்றால் நந்தி. 'குடி' என்றால் கோயில். ஒரே கல்லில் செதுக்கப்பட்ட, சுமார் 15 அடி உயரமுள்ள மாபெரும் நந்தி அங்கே கோயில் கொண்டிருக்கிறது. பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடர் 16-ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கட்டியதாகக் கூறுவர். கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையன்று அங்கே நடைபெறுகின்ற 'கடலெகாயி பரிஷெ' என்னும் நிலக்கடலைத் திருவிழா கர்நாடகம் முழுவதும் புகழ்பெற்றது.

நகரம் இவ்வளவு பெரிதாக வளர்வதற்கு முன் அந்தப் பகுதியில் சுங்கேனஹள்ளி, குட்டஹள்ளி, மாவள்ளி, தாசரஹள்ளி போன்ற கிராமங்கள் இருந்தன. அங்குள்ள விவசாயிகள் நிலக்கடலை பயிரிட்டு வந்தனர். விளைந்து நின்ற பயிரை இரவில் ஒரு காளை வந்து மேய்ந்து அழித்ததாகவும், அந்தக் காளையே பிறகு கல்லாகச் சமைந்து நந்தியாக அங்கே அமர்ந்ததாகவும் தலபுராணம் கூறுகிறது. அதன்பின் விவசாயிகள் தங்கள் முதல் விளைச்சலை அந்த நந்திக்குச் சமர்ப்பிக்கத் தொடங்கினர். வயல்கள் மறைந்து வீதிகள் வந்துவிட்டன; சமர்ப்பணம் மட்டும் நின்றுவிடவில்லை. இன்றும் கர்நாடகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும், ஆந்திரம், தமிழகம் போன்ற அண்டை மாநிலங்களிலிருந்தும் விவசாயிகள் மூட்டை மூட்டையாக நிலக்கடலையுடன் வந்து சேர்கின்றனர். புல் டெம்பிள் சாலையின் இருபுறமும் குவியல் குவியலாகக் கடலை! பச்சைக் கடலை, வேகவைத்த கடலை, வறுத்த கடலை. இடையிடையே பொரி, பத்தாசு, பலூன், களிமண் பொம்மை, கண்ணாடி வளையல். நடப்பவர்களின் காலடியில் கடலைத் தோல் நொறுங்குகின்ற ஓசை கேட்டபடியே இருக்கும்.

2020-இல் பெருந்தொற்றின் காரணமாக இந்தத் திருவிழா வழக்கம்போல் நடைபெறவில்லை. அதன்பின் கடைகள் மீண்டும் வந்தன, கூட்டமும் வந்தது. ஆனால் முன்பு வந்தவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. பல குடும்பங்களில் ஓர் இடம் வெறுமையாகியிருந்தது.

மூன்று கேள்விகள்

அதே சாலையில்தான் ராமகிருஷ்ண மடமும் அமைந்துள்ளது. திருவிழாவிற்கு வருபவர்களுள் சிலர் அங்கும் வந்து சிறிது நேரம் அமைதியாக அமர்ந்துவிட்டுச் செல்வது வழக்கம். அவ்வாறு வந்தவர்தான் மேலே குறிப்பிட்ட அன்பர். கணவரை இழந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பதினொரு வயது மகளும் ஏழு வயது மகனும் உடன் வந்திருந்தனர். ஆண்டுதோறும் நால்வருமாக வந்த திருவிழா அது. கணவர் மகனைத் தோளில் சுமந்துகொள்வார். படி கடலை வாங்குவார். அதிலிருந்து முதல் கைப்பிடியை நந்தியின் சன்னதியில் வைத்த பிறகே குழந்தைகளுக்குக் கொடுப்பார். அவர் மறைந்த ஆண்டில் அவர்கள் திருவிழாப் பக்கமே வரவில்லை. மறு ஆண்டு மகன், 'நாம் இனிமேல் போகவே மாட்டோமா அம்மா?' என்று கேட்டான். அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல் அழைத்து வந்திருக்கிறார்.

வந்த இடத்தில் மகன் ஊதல் வாங்கி ஊத, அதன் குரலைக் கேட்டு அருகிலிருந்த முதியவர் ஒருவர் துள்ளி விலக, மூவரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். அடுத்த கணம் அந்தத் தாயின் நெஞ்சில் ஏதோ தைத்தது. சற்றுத் தள்ளி வளையல் கடை. மகள் தனக்கு வாங்கியதோடு நிற்காமல், தாயின் கையைப் பிடித்து இரண்டு பச்சை வளையல்களை மாட்டிவிட்டாள். தெரிந்த பெண்மணி ஒருவர் அதைப் பார்த்து, 'உனக்கு எதற்கம்மா இது?' என்று மெல்லிய குரலில் கேட்டாராம். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னார். அதனால்தான் அது இன்னும் ஆழமாகத் தைத்தது.

குழந்தைகள் தோட்டத்தில் விளையாடிக் கொண்டிருக்க, அவர் கேட்டார்: 'சுவாமிஜி, அவர் இல்லாத இடத்தில் நான் சிரித்தது அவருக்குச் செய்த துரோகமா? குழந்தைகளுக்காக மகிழ்ச்சியாக இருப்பதுபோல் நடந்துகொள்கிறேனே, அது பொய்யா? இந்த வளையலை நான் கழற்றிவிட வேண்டுமா?'

'அம்மா, கழற்ற வேண்டாம்' என்பதைத்தான் முதலில் கூறினேன். அன்று மேலும் சுருக்கமாகக் கூறியவற்றை, இதே நிலையில் உள்ள பிற அன்பர்களுக்கும் பயன்படலாம் என்பதால், சற்று விரிவாக இங்கே சிந்திப்போம்.

துயரம் அன்பின் அளவுகோலா?

முதல் கேள்விக்குப் பின்னால் ஒரு கருத்து மறைந்திருக்கிறது: 'எவ்வளவு துயரப்படுகிறேனோ அவ்வளவுதான் நான் அவரை நேசித்தேன்.' இதை நாம் வெளிப்படையாகச் சொல்வதில்லை; ஆனால் ஆழ்மனத்தில் நம்புகிறோம். எனவே துயரம் சற்றுக் குறைந்தாலும் அன்பு குறைந்துவிட்டதோ என்று அஞ்சுகிறோம்.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. அவருடைய அண்ணன் மகனான அட்சயன் இளம்வயதிலேயே தட்சிணேசுவரத்தில் காலமானான். உயிர் பிரிந்ததைக் குருதேவர் அருகில் நின்று கண்டார். உறையிலிருந்து வாள் உருவப்படுவதைப் போல் உயிர் பிரிவதையும், வாளுக்கு ஒன்றும் ஆகாததையும் அவர் கண்டார். அந்தக் காட்சியில் அவருக்கு ஆனந்தமே ஏற்பட்டது. ஆனால் மறுநாள், ஈரத்துணியைப் பிழிவதுபோல் நெஞ்சு பிழியப்பட்டதாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். தமக்கே இப்படியென்றால் இல்லறத்தார் எவ்வளவு வேதனைப்படுவார்கள் என்று எண்ணி உருகினார். மகனைப் பறிகொடுத்த மணிமோகன் மல்லிக் தம்மிடம் வந்து அழுதபோது, குருதேவர் உடனே உபதேசத்தைத் தொடங்கவில்லை. முதலில் அவருடைய துயரத்தில் தாமும் ஆழ்ந்து, அதன்பின் பாடினார். தமது இந்த அனுபவத்தையும் கூறினார்.

இதிலிருந்து நாம் இரண்டு உண்மைகளைக் கற்றுக்கொள்ளலாம். ஒன்று, அழுவது அஞ்ஞானம் என்று யாரையும் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. ஞானத்தின் சிகரத்தில் நின்றவரே நெஞ்சு பிழியப்படுவதை அனுபவித்திருக்கிறார். இரண்டு, வாள் அழியவில்லை என்ற காட்சியும் நெஞ்சு பிழியப்பட்ட வேதனையும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. அவருக்குள் ஆனந்தமும் துயரமும் இவ்வாறு அருகருகே இருக்க முடிந்ததென்றால், திருவிழாத் தெருவில் ஒரு தாயின் சிரிப்பும் கண்ணீரும் அருகருகே இருப்பதில் என்ன குற்றம்? சிரித்த கணத்தில் அவர் கணவரை மறக்கவில்லை. மறந்திருந்தால் அடுத்த கணம் நெஞ்சில் ஏன் தைக்கப் போகிறது?

உண்மையான துரோகம் வேறொன்று. இறந்தவர் விரும்பிய ஒன்றை, அவர் இறந்துவிட்டார் என்ற காரணத்திற்காகவே நாம் வெறுக்கத் தொடங்குவது அது. தந்தை ஆசையோடு அழைத்து வந்த தெருவைக் குழந்தைகள் அச்சத்தோடு விலகிச் செல்லும் தெருவாக ஆக்கிவிட்டால், இழப்பு இரண்டாகிவிடும்.

அன்பு எங்கிருந்து பிறக்கிறது?

பிருகதாரண்யக உபநிஷதத்தில் யாஜ்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயிக்குச் செய்கின்ற உபதேசம் பலரும் அறிந்ததே. அந்த உபநிஷதத்தில் அது இரண்டு இடங்களில் வருகிறது. கணவனுக்காகக் கணவன் பிரியமாவதில்லை, ஆன்மாவின் பொருட்டே பிரியமாகிறான். மனைவி, மக்கள், செல்வம் எல்லாம் அவ்வாறே என்பது அதன் சாரம். இந்த உபதேசம் எந்தச் சூழ்நிலையில் நிகழ்ந்தது என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. யாஜ்ஞவல்கியர் இல்லறத்தைத் துறந்து புறப்படுகின்ற வேளை அது. கணவரைப் பிரியப் போகின்ற மனைவி கேட்கிறாள். அவளுக்காகவே அந்தப் பேருண்மை சொல்லப்படுகிறது. எனவே பிரிவின் நடுவில் நிற்பவர்கள் இதைத் தங்களுக்கே கூறப்பட்டதாகக் கொள்ளலாம்.

இதைத் தவறாகப் புரிந்துகொள்பவர்களும் உண்டு. 'எல்லாம் ஆன்மாதானே, ஒருவர் போனால் என்ன?' என்று துக்க வீட்டில் வேதாந்தம் பேசுபவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அது வேதாந்தமாகாது, கருணையின்மைக்கு வேதாந்தத்தின் போர்வை போர்த்துவதாகவே அது முடியும். குடம் உடைந்தாலும் அதனுள் இருந்த வெளி உடைவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பல ஆண்டுகள் அந்தக் குடத்தில் நீர் மொண்டு வந்தவருக்கு அதன் கழுத்தின் வளைவும் பக்கத்தில் இருந்த தழும்பும்கூடப் பழக்கமானவை. வேறொரு குடம் அதுவாகிவிடாது. படி கடலை வாங்கி முதல் கைப்பிடியைச் சன்னதியில் வைத்த அந்த மனிதர் உலகில் ஒருவரே. அவருக்கு மாற்று இல்லை.

அப்படியானால் யாஜ்ஞவல்கியரின் உபதேசம் நமக்கு எவ்வாறு ஆறுதல் தரும்? அவரிடம் நாம் கண்ட ஆனந்தம் அவருடைய உடம்போடு பிறந்து, உடம்போடு எரிந்துபோன ஒன்று அல்ல என்பதை அது உணர்த்துகிறது. அவர் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த ஆனந்தத்தின் ஊற்று ஆன்மா. அந்த ஊற்று வற்றுவதில்லை. ஊதல் ஊதிய மகனின் சிரிப்பில் அதே ஊற்றுதான் மீண்டும் சுரந்தது. அதைப் பருகியதால் அந்தத் தாய் கணவரை விட்டு விலகிவிடவில்லை. கணவரிடம் தாம் எதை நேசித்தாரோ அதற்கே மறுபடியும் அருகில் சென்றிருக்கிறார்.

குழந்தைகளுக்காக மகிழ்வது பொய்யா?

இனி, இரண்டாவது கேள்வி. உள்ளே அழுதுகொண்டு வெளியே சிரிப்பது பொய்யாகுமா?

தாயிடம் இல்லாத மகிழ்ச்சியை இருப்பதாகக் காட்டி, தந்தையின் பெயரையே எடுக்காமல் நாளைக் கடத்துவது ஒரு வகை. குழந்தைகள் அதை எளிதில் கண்டுகொள்வார்கள். 'அப்பாவைப் பற்றிப் பேசினால் அம்மா அழுவாள்' என்று அவர்களும் பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்வார்கள். ஒருவரையொருவர் காப்பாற்றுவதற்காக ஒரே வீட்டில் மூவரும் தனித்தனியாக மௌனம் காப்பார்கள். இது நல்லதல்ல.

தன் துயரத்தைச் சற்று ஒதுக்கி வைத்து, குழந்தையின் பசிக்குச் சோறிடுவதுபோல் அதன் மகிழ்ச்சிக்கும் இடமளிப்பது மற்றொரு வகை. இது பொய்யல்ல, கடமை. பகவத்கீதை கூறுகின்ற கர்மயோகம் போர்க்களத்திற்கு மட்டும் உரியதன்று. விருப்பும் வெறுப்பும் இழுக்கின்ற பக்கம் செல்லாமல் செய்ய வேண்டியதைச் செய்வதே கர்மயோகம் என்றால், மனம் வீட்டில் முடங்கக் கெஞ்சுகின்ற மாலை வேளையில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு திருவிழாவிற்குப் புறப்படுவதும் கர்மயோகமே.

குழந்தைகளின் துயரம் பெரியவர்களின் துயரத்தைப் போல் தொடர்ச்சியாக இருப்பதில்லை. அவர்கள் அழுவார்கள், உடனே விளையாடுவார்கள், உறங்கப் போகும்போது திடீரென்று, 'அப்பா எங்கே இருப்பார்?' என்று கேட்பார்கள். விளையாடுவதால் அவர்களுக்கு வருத்தமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அதேபோல், தாயைத் தேற்றுகின்ற பொறுப்பையும் அவர்கள் தோளில் சுமத்தக் கூடாது. 'உன் அப்பா இங்கேதான் உன்னைத் தூக்கிக்கொண்டு நிற்பார்' என்று அந்தத் தெருவிலேயே சொல்லலாம். கண் கலங்கினால் கலங்கட்டும். தந்தையின் பெயர் மகிழ்ச்சியான ஓர் இடத்தில் உச்சரிக்கப்படுவதைக் கேட்டு வளர்கின்ற குழந்தைக்கு அந்தப் பெயர் அச்சத்தைத் தராது. ஒரு துணையாகவே அமையும்.

திருவள்ளுவர் நிலையாமையைப் பற்றி 34-ஆம் அதிகாரத்தில், துறவறவியலில் பேசுகிறார். அதற்கு வெகுமுன்பே, இல்லறவியலில், மக்கட்செல்வத்தையும் அன்புடைமையையும் பாடிவிடுகிறார். நிலையாமையை உணர்ந்த பிறகு அன்பு செய்யலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. நிலையாது என்று தெரிந்தும் அன்பு செலுத்துவதே மனித வாழ்வின் அறம். அந்தக் குழந்தைகளின் குழந்தைப் பருவமும் நிலையாதது. துயரம் தீர்ந்தபின் அழைத்துச் செல்லலாம் என்று காத்திருந்தால், அவர்கள் வளர்ந்து விடுவார்கள்.

வளையல்

மூன்றாவது கேள்வி சமுதாயத்தைப் பற்றியது. மனைவியை இழந்த கணவன் திருவிழாவிற்குச் சென்றால், 'பாவம், குழந்தைகளுக்காக வந்திருக்கிறார்' என்று பாராட்டுகிறோம். கணவனை இழந்த மனைவி சென்றால் அவளது நெற்றியையும் கையையும் பார்க்கிறோம். ஒரே இழப்பிற்கு இரண்டு நியாயங்கள் எப்படி இருக்க முடியும்?

1886, ஆகஸ்டு 16 அன்று ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்தார். அன்னை ஸ்ரீசாரதாதேவி மரபுப்படி தம் ஆபரணங்களைக் களையத் தொடங்கினார். கைவளையல்களைக் கழற்ற முற்பட்டபோது குருதேவர் அவருக்குக் காட்சி தந்து தடுத்தார். தாம் எங்கும் சென்றுவிடவில்லை என்றும், ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்வது போன்றதே இது என்றும் உணர்த்தினார். அன்னை வளையல்களைக் கழற்றவில்லை. புடவையின் அகலமான கரையை மட்டும் கிழித்துக் குறுகலாக்கி உடுத்திக்கொண்டார். பின்னர் காமார்புகூரில் தனியாக வாழ்ந்தபோது, ஊரார் பேச்சுக்கு அஞ்சி ஒருமுறை அவற்றைக் கழற்றவும் செய்தார், மீண்டும் அணிந்துகொண்டார். வாழ்நாள் முழுவதும் அவர் கைகளில் வளையல்கள் இருந்தன.

தெய்வத் தம்பதியின் வாழ்வில் நிகழ்ந்ததை அப்படியே நம் வீடுகளுக்குப் பொருத்திவிட முடியாது என்று சிலர் கூறலாம். அது சரியே. எல்லோருக்கும் காட்சி கிடைப்பதில்லை. சிலருக்கு வளையல் அணியாமல் இருப்பதே மனத்திற்கு உகந்ததாக இருக்கும். அவர்களை வற்புறுத்துவதும் தவறு. ஆனால் அன்னையின் வாழ்க்கையிலிருந்து ஒன்றை நாம் திண்ணமாகக் கற்றுக்கொள்ளலாம்: கணவன்-மனைவி உறவின் அடையாளம் அந்த இருவருக்கும் உரியது, அது இருக்க வேண்டுமா, வேண்டாமா என்று தீர்மானிக்கின்ற உரிமை தெருவில் நிற்பவர்களுக்கு இல்லை. அன்னையே ஊர்ப்பேச்சுக்கு ஒரு கணம் அஞ்ச நேர்ந்தது என்றால், சாதாரணப் பெண்கள் படுகின்ற பாட்டை நாம் ஊகித்துக்கொள்ளலாம். மகள் அன்போடு மாட்டிவிட்ட இரண்டு கண்ணாடி வளையல்களைத் தாயின் கையிலிருந்து கழற்றச் சொல்கின்ற எந்தச் சம்பிரதாயமும் தர்மத்தின் பெயரைத் தாங்கத் தகுதியற்றது.

வளர்ந்த கல்

பசவனகுடி நந்தியைப் பற்றிய தலபுராணத்தின் மற்றொரு பகுதியைக் கூறி இந்தச் சிந்தனையை நிறைவு செய்வோம். கல்லாகச் சமைந்த காளை அத்துடன் நிற்கவில்லையாம். நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போயிற்றாம். அஞ்சிய மக்கள் சிவபெருமானை வேண்டினர். அவருடைய அருளால் கிடைத்த ஒரு சிறு திரிசூலத்தை அதன் நெற்றியில் பதித்ததும் வளர்ச்சி நின்றது என்பர். பயிரை அழித்த அந்தக் காளையை மக்கள் அகற்றவும் இல்லை, உடைக்கவும் இல்லை. அதைச் சுற்றிக் கோயில் எழுந்தது. அதன் முன் ஆண்டுதோறும் முதல் விளைச்சல் படைக்கப்பட்டது. அந்தப் படையலைச் சுற்றித்தான் குழந்தைகள் குதூகலிக்கின்ற இந்தத் திருவிழாவே வளர்ந்தது.

துயரமும் ஏறக்குறைய அப்படித்தான். விளைந்து நின்ற வாழ்க்கையை ஓர் இரவில் வந்து அழித்துவிட்டு, நெஞ்சில் கல்லாக அமர்ந்துவிடுகிறது. கவனிக்காமல் விட்டால் வளர்கிறது. வீடு முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. அதை உடைத்தெறியுமாறு சாஸ்திரங்கள் கூறவில்லை. இறைவனின் நினைவு என்னும் சிறு சூலத்தை அதன் நெற்றியில் பதிக்கச் சொல்கின்றன. அவ்வாறு செய்தால் கல் மறையாது, ஆனால் வளராது. நாளடைவில் வணங்கத்தக்கதாகவும் ஆகும்.

அதன்பின் செய்ய வேண்டியது படையல். துணையை இழந்த அன்பர்கள், அவருக்குப் பிரியமான திருவிழாவிற்குக் குழந்தைகளோடு செல்லுங்கள். வாங்குவதில் முதல் கைப்பிடியை, அவர் செய்ததுபோலவே, அவர் நினைவாக இறைவனுக்குப் படையுங்கள். இன்னொரு கைப்பிடியை அங்கே பசியோடு நிற்கின்ற ஒரு குழந்தைக்குக் கொடுங்கள். அன்று உங்களுக்குள் எழுகின்ற முதல் சிரிப்பையும் அவ்வாறே படையுங்கள். அதுவும் விளைச்சல்தான், நீண்ட வறட்சிக்குப் பின் விளைந்தது. படைத்த பிறகு மீதமிருப்பது பிரசாதம். பிரசாதத்தை உண்பதற்கு யாரும் தயங்க வேண்டியதில்லை.

அருகிலிருந்து பார்க்கின்ற நமக்கும் ஒரு கடமை உண்டு. அத்தகைய ஒரு குடும்பம் திருவிழாத் தெருவில் எதிர்ப்பட்டால், 'எதற்கு வந்தாய்?' என்ற பார்வை நம் கண்களில் எழாதிருக்கட்டும். 'வாருங்கள், குழந்தைகளுக்குக் கடலை வாங்கிவிட்டீர்களா?' என்று கேட்போம். அடுத்த ஆண்டு அவர்கள் வருவதற்கு அந்த ஒரு சொல் போதும்.